குறைந்த கதிர்வீச்சும் புற்றுநோய்க் கணக்கும்

கிள்ளானில் உள்ள பெரிய மருத்துவமனைக்குச் சென்றாலும் பிரிக்பீல்ட்ஸில் உள்ள சிறிய பல் மருத்துவரிடம் சென்றாலும், ஊடுகதிர்ப் படம் எடுக்கும் அறையின் கதவில் ஒரு சின்னத்தைக் காணலாம். நடுவில் ஒரு வட்டம். அதைச் சுற்றி மூன்று இதழ்கள். உள்ளே கதிர்வீச்சு உண்டு என்பதை அது உணர்த்துகிறது. அதன் அருகில் பெண்களுக்கென ஓர் அறிவிப்பும் இருப்பது வழக்கம். கருவுற்றிருந்தாலோ, கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலோ, படம் எடுப்பதற்கு முன்பே பணியாளரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதே அதன் செய்தி. பலர் அதைப் பார்த்தும் பாராமல் கடந்து போகின்றனர். ஆனால், அந்த அறிவிப்புக்குப் பின்னால் எழுபது ஆண்டுகளாகத் தொடர்ந்து வரும் ஓர் அறிவியல் விவாதம் இருக்கிறது. மிகக் குறைந்த கதிர்வீச்சு புற்றுநோயை உண்டாக்குமா, உண்டாக்கும் என்றால் எத்தனை பேருக்கு என்பதே அந்த விவாதம்.

கதிர்வீச்சு மனிதனுக்குப் புதியதன்று. மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் அது நாள்தோறும் நம் உடலை வந்தடைகிறது. கோலாலம்பூருக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. கருங்கல்லில் யுரேனியம், தோரியம் ஆகிய தனிமங்கள் சிறிதளவு கலந்திருக்கும். நாம் உண்ணும் வாழைப்பழத்தில்கூடக் கதிரியக்கமுள்ள பொட்டாசியம் மிகச் சிறிய அளவில் உண்டு. உடலில் படும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்னும் அலகால் அளக்கின்றனர். இயற்கையிலிருந்து மட்டும் உலக மக்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகின்றனர். மார்பை ஒருமுறை ஊடுகதிர்ப் படம் எடுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதைவிடக் குறைவு. வயிற்றுப் பகுதியைச் சி.டி. ஸ்கேன் செய்தால் அது 10 மில்லிசீவர்ட் அளவுக்கு உயரும்.

அதிகக் கதிர்வீச்சு புற்றுநோயைத் தரும் என்பதில் எந்த ஐயமும் இல்லை. 1945-ஆம் ஆண்டு ஹிரோஷிமா, நாகசாகி ஆகிய நகரங்களில் அணுகுண்டு வீசப்பட்டது. அதில் உயிர் தப்பியோரையும் அவர்களோடு ஒப்பிடுவதற்கான மற்றவர்களையும் சேர்த்து, ஏறத்தாழ 120,000 பேரை 1950 முதல் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வருகின்றனர். குண்டு விழுந்த சில ஆண்டுகளிலேயே இரத்தப் புற்றுநோய் கூடியது. நுரையீரல், வயிறு, மார்பகம் போன்ற உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய்கள் பல்லாண்டுகள் கழித்தே கூடின. ஒருவர் பெற்ற கதிர்வீச்சு எவ்வளவு அதிகமோ அந்த அளவுக்கு அவருக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் அதிகம் என்பதை இந்த நெடுங்கால ஆய்வு காட்டியது. ஆனால், 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே வரும்போது படம் மங்கிவிடுகிறது. மருத்துவமனை அறையிலும் தொழிற்சாலை வேலியோரத்திலும் மனிதர்கள் பெறும் அளவுகள் பெரும்பாலும் இந்த மங்கலான பகுதிக்குள்தான் வருகின்றன.

இந்தப் பகுதிக்குள் முதலில் துணிந்து நுழைந்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் பணியாற்றிய மருத்துவர் ஆலிஸ் ஸ்டுவர்ட். புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மாரிடமும், நலமாக உள்ள குழந்தைகளின் தாய்மாரிடமும் ஒரே வகையான கேள்விகளைக் கேட்கச் செய்தார். 1956-இல் அவர் வெளியிட்ட முதல் முடிவு மருத்துவ உலகைத் திடுக்கிட வைத்தது. கருவுற்றிருந்தபோது வயிற்றில் ஊடுகதிர்ப் படம் எடுத்துக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளிடையே புற்றுநோய் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அந்தக் காலத்தில் அத்தகைய படத்தால் கருவுக்குச் சென்ற அளவு 10 மில்லிசீவர்ட்டை ஒட்டியதே. குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதற்காக மருத்துவர்கள் தயக்கமின்றிப் படம் எடுத்து வந்த காலம் அது.

பலர் அவரை நம்பவில்லை. நோயால் குழந்தையை இழந்த தாய் தன் கர்ப்ப காலத்தை ஒன்றுவிடாமல் நினைவுபடுத்திப் பார்ப்பார். நலமான குழந்தையின் தாய் எடுத்த படத்தையே மறந்திருப்பார். ஆகவே இது நினைவால் வந்த வேறுபாடு என்றனர். இது நியாயமான ஐயம்தான். இதற்கு விடை 1962-இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. பிரையன் மெக்மேகன் என்னும் ஆய்வாளர் தாய்மாரின் நினைவை நம்பாமல் மருத்துவமனைப் பதிவேடுகளையே எடுத்துக்கொண்டு 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை ஆராய்ந்தார். அவர் கண்ட உயர்வு ஏறத்தாழ 40 விழுக்காடு. ஸ்டுவர்ட் சொன்னதைவிடக் குறைவு. ஆனால், உயர்வு உண்மையாகவே இருந்தது. கருவுற்ற பெண்களுக்கு ஊடுகதிர்ப் படம் எடுக்கும் வழக்கம் உலகெங்கும் மெல்ல மெல்லக் குறைந்தது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கதவில் காணும் அறிவிப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கருவில் உள்ள குழந்தையின் நிலை இவ்வாறு இருக்க, பெரியவர்களிடம் ஏன் இதை எளிதாகக் கணக்கிட முடியவில்லை? ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2006-இல் அமெரிக்க அறிவியல் கழகத்தின் குழு ஒன்று ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. 100 பேரில் ஏறத்தாழ 42 பேருக்குத் தம் வாழ்நாளில் எப்படியும் புற்றுநோய் வரும். அந்த 100 பேரும் தலா 100 மில்லிசீவர்ட் கூடுதலாகப் பெற்றால் இன்னும் ஒருவருக்கு வரக்கூடும் என்றது அது. இந்த 42 என்பது அமெரிக்க மக்களுக்கு உரிய எண்; மலேசியாவுக்கு அப்படியே பொருந்தாது. எனினும், கணக்கின் தன்மை மாறாது. இப்போது அளவைப் பத்தில் ஒரு பங்காக, அதாவது 10 மில்லிசீவர்ட்டாகக் குறைத்துக்கொள்வோம். 10,000 பேர் கொண்ட ஓர் ஊரில் 4,200 பேருக்கு எப்படியும் நோய் வரும். கதிர்வீச்சால் கூடுவது 10 பேர்.

சிக்கல் என்னவென்றால், 4,200 என்பது கல்லில் செதுக்கிய எண் அன்று. ஒரே மாதிரியான இரண்டு ஊர்களை எடுத்தாலும் ஓர் ஊரில் 4,150 ஆகவும் மற்றோர் ஊரில் 4,250 ஆகவும் அது இருக்கலாம். தற்செயலாகவே ஐம்பது, நூறு பேர் கூடவோ குறையவோ செய்வார்கள். தீபாவளிக்கு முந்திய வாரம் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் திரளும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். நேற்றைவிட இன்று பத்துப் பேர் கூடுதலாக வந்திருக்கிறார்களா என்று மேம்பாலத்தில் நின்று எவராலும் சொல்ல முடியாது. அந்தப் பத்துப் பேர் வரவில்லை என்றும் சொல்ல முடியாது. அவர்களைப் பிரித்தறிய வேண்டுமானால் பல இலட்சம் பேரைப் பல ஆண்டுகள் கவனிக்க வேண்டும். புகைப்பழக்கம், உணவு, வயது, தொழில் ஆகியவற்றையும் ஒவ்வொருவருக்கும் பதிவு செய்ய வேண்டும். ஓர் ஆய்வில் 'உயர்வு காணப்படவில்லை' என்று எழுதியிருந்தால் அதற்கு 'உயர்வே இல்லை' என்று பொருளாகாது. செய்தித்தாள் படிப்போர் பெரும்பாலும் தவறிப்போகும் இடம் இதுதான்.

நேரடியாக எண்ண முடியாத இடத்தில் ஊகம் தேவைப்படுகிறது. விவாதம் இந்த ஊகத்தைப் பற்றியதே. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது பழமொழி. அறிவியலாளர்கள் இதைத் திருப்பிப் போட்டுக் கேட்கின்றனர்: அளவுக்குள் இருந்தால் நஞ்சும் தீங்கற்றதாகிவிடுமா?

ஒரு தரப்பினர் இல்லை என்கின்றனர். ஹெர்மன் முல்லர் என்னும் அறிவியலாளர் 1927-இல் பழ ஈக்களின் மீது ஊடுகதிரைச் செலுத்தி மரபணு மாற்றங்களை உண்டாக்கிக் காட்டினார். அதற்காக 1946-இல் நோபல் பரிசும் பெற்றார். ஒரே ஒரு கதிர்கூட மரபணுவைச் சிதைக்கலாம். சிதைந்த ஒரே உயிரணுவிலிருந்தும் புற்றுநோய் தொடங்கலாம். ஆகவே, அதிக அளவில் கண்ட உயர்வை ஒரு நேர்கோடாகக் கீழ்நோக்கிச் சுழி வரை இழுக்க வேண்டும் என்பது இவர்கள் கருத்து. அளவு பாதியானால் ஆபத்தும் பாதியாகும். ஆனால், எந்த அளவிலும் முற்றாக நீங்காது. 2006-ஆம் ஆண்டின் அமெரிக்க அறிக்கை இந்த நேர்கோட்டுக் கொள்கையையே ஏற்றது.

மறு தரப்பினர் உடலின் ஆற்றலைச் சுட்டுகின்றனர். உயிரணுக்கள் தம் மரபணுவில் ஏற்படும் சேதத்தை நாள்தோறும் தாமே சரிசெய்துகொள்கின்றன. குறைந்த கதிர்வீச்சால் வரும் சேதத்தையும் அவ்வாறே சரிசெய்துவிடும். எனவே ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஆபத்தே இல்லாமல் போகலாம் என்கின்றனர். 2005-இல் பிரான்ஸ் நாட்டின் அறிவியல் கழகமும் மருத்துவக் கழகமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, நேர்கோட்டுக் கொள்கையை மிகக் குறைந்த அளவுகளுக்குப் பயன்படுத்துவதை ஐயுற்றது. ஓராண்டு இடைவெளியில் இரு நாட்டு அறிஞர்கள் ஏறக்குறைய ஒரே சான்றுகளைப் படித்து வெவ்வேறு முடிவுக்கு வந்தனர். சிறிதளவு கதிர்வீச்சு உடலுக்கு நன்மையே செய்யும் என்று கூறும் மூன்றாவது தரப்பும் உண்டு. மனிதரிடம் அதற்கான சான்று இதுவரை வலுவாக இல்லை.

இரு தரப்பாரும் மேற்கோள் காட்டும் ஆய்வுகளில் ஒன்று தென்னிந்தியாவில் நடந்தது. கேரளாவின் கொல்லம் மாவட்டத்தில் உள்ள கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் கனிமம் நிறைந்திருக்கிறது. தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் இதே மணல் உண்டு. மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அங்குள்ள மீனவக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக உலகச் சராசரியைவிடப் பன்மடங்கு கதிர்வீச்சில் வாழ்ந்து வருகின்றன. ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் கவனித்த ஆய்வின் முடிவு 2009-இல் வெளியானது. கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோயும் கூடியதாக அதில் தெரியவில்லை. இதற்கு நேர்மாறாக, பிரான்ஸ், இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் அணுத்துறைத் தொழிலாளர் 300,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த குழு, 2015-இலும் மீண்டும் 2023-இலும், குறைந்த அளவுகள் சேரச் சேரப் புற்றுநோயால் இறப்போரும் கூடுவதாக அறிவித்தது. கருநாகப்பள்ளியில் நோயுற்றோர் எண்ணிக்கை 1,379 மட்டுமே. சிறிய உயர்வைக் காட்ட அது போதாது என்கிறது ஒரு சாரார். தொழிலாளர்களில் யார் யார் புகைத்தனர் என்ற நேரடிப் பதிவு இல்லையே என்கிறது மறு சாரார். இரண்டு குறைகளும் உண்மையானவையே.

மோனசைட் மலேசியாவுக்கும் அந்நியமானதன்று. ஈய லம்பங்களில் ஈயத்தைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் மணலை அமாங் என்பர். அந்த அமாங்கில் மோனசைட் உண்டு. அதிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுக்க 1982-இல் ஈப்போவுக்கு அருகில் புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் நிறுவனத்தின் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. எஞ்சிய கழிவில் தோரியம் இருந்தது. தோரியத்தின் பாதி சிதைந்து முடிய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். கழிவு முறையாகக் காக்கப்படவில்லை என்று சுற்றுவட்டார மக்கள் அஞ்சினர். 1985-இல் எட்டுக் குடியிருப்பாளர்கள், தங்களுக்காகவும் அவ்வட்டாரத்தின் 10,000 பேருக்காகவும் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர்.

ஆய்வுக்கூட விவாதம் அப்படியே நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தது. கனடாவில் பணியாற்றிய ரோசலி பெர்டெல் உட்பட வெளிநாட்டு நிபுணர்கள் மக்கள் தரப்பில் சாட்சி கூறினர். தொழிற்சாலையைச் சுற்றியுள்ள அளவுகள் வரம்புக்கு உட்பட்டவையே என்று நிறுவனத்தின் நிபுணர்கள் வாதிட்டனர். ஏறத்தாழ 11,000 பேர் வாழ்ந்த அவ்வட்டாரத்தில் ஐந்து ஆண்டுகளில் எட்டுப் பேருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டதாகப் பின்னாளில் செய்தித்தாள்கள் எழுதின. இரத்தப் புற்றுநோய் அரிதானது. எட்டு என்பது அச்சமூட்டும் எண். ஆனாலும், எட்டு பேரை வைத்துக்கொண்டு இன்ன காரணம்தான் என்று நிறுவுவது புள்ளிவிவர முறையில் மிகக் கடினம். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு குடும்பத்திடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது? அவர்களுக்கு அது எட்டில் ஒன்று அன்று.

1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்துத் தொழிற்சாலையை மூடச் சொன்னது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 1993 டிசம்பரில் கோலாலம்பூரில் இருந்த உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. நிறுவனத் தரப்பு நிபுணர்களின் சான்றையே அது ஏற்றது. மக்கள் அணுசக்தி உரிம வாரியத்தை நாடியிருக்கலாம் என்றும் கூறியது. சட்டப்படி வென்ற நிறுவனம் அடுத்த மாதமே, 1994 ஜனவரியில், தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்தது. இடத்தைத் துப்புரவாக்கிக் கழிவைக் கிளேடாங் மலைப்பகுதியில் புதைக்கும் பணி பின்னர்ப் பல ஆண்டுகள் நீடித்தது. ஒரே சான்றுகளை ஆராய்ந்த இரண்டு நீதிமன்றங்கள் எதிரெதிர் முடிவுக்கு வந்தது வியப்பன்று. அறிவியலாளர்களே அவ்வாறுதானே பிரிந்து நின்றனர்!

விவாதம் தீரும்வரை சட்டம் காத்திருக்க முடியாது. மலேசியாவின் 1984-ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், நேர்கோட்டுக் கொள்கையை ஒட்டிய அனைத்துலகப் பரிந்துரைகளையே பின்பற்றுகின்றன. இயற்கையிலிருந்தும் மருத்துவத்திலிருந்தும் வருவதை நீக்கி, பொதுமக்களில் ஒருவர் ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் பெறக்கூடாது. கதிர்வீச்சோடு பணிபுரிவோருக்கு வரம்பு 20. மருத்துவமனையில் ஊடுகதிர்ப் படம் எடுக்கும் பணியாளரின் சட்டையில் சிறிய பட்டை ஒன்று குத்தப்பட்டிருப்பதைக் காணலாம். அது அவர் பெற்ற அளவைப் பதிவு செய்கிறது. இத்தகைய பட்டைகளை அளந்து சொல்லும் ஆய்வகங்களுள் ஒன்று பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி நிறுவனத்தில் இயங்குகிறது. ஆய்வுக்கும் பயிற்சிக்குமாக 1982 முதல் செயல்படும் நாட்டின் ஒரே அணு உலையும் அங்கேதான் இருக்கிறது.

நேர்கோட்டுக் கொள்கை விதி வகுக்க உதவும். ஆனால், அதை எங்கும் பயன்படுத்திவிட முடியாது. மலேசியாவில் 3 கோடியே 40 இலட்சம் பேர் வாழ்கின்றனர். ஒவ்வொருவரும் 0.01 மில்லிசீவர்ட் பெற்றதாக வைத்துக்கொண்டு மேலே கண்ட மதிப்பீட்டால் பெருக்கினால், 34 பேருக்குப் புற்றுநோய் என்று விடை வரும். தாளில் கணக்குச் சரி. ஆனால், அந்த 34 பேர் உண்மையில் இருக்கிறார்களா என்பது எவருக்கும் தெரியாது. இப்படி மிகச் சிறிய அளவைப் பெரிய மக்கள்தொகையால் பெருக்கி நோயாளிகளின் எண்ணிக்கையைக் கூற வேண்டாம் என்று ஐக்கிய நாடுகள் சபையின் கதிர்வீச்சு அறிவியல் குழு 2012-இல் அறிவுறுத்தியது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் ஒரு குடும்பம் இந்த விவாதத்தை நேருக்கு நேர் சந்திப்பது பெரும்பாலும் மருத்துவமனையில்தான். மிதிவண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட சிறுவனுக்குச் சி.டி. ஸ்கேன் வேண்டும் என்கிறார் மருத்துவர். குழந்தைகளின் உயிரணுக்கள் வேகமாகப் பெருகுவதாலும், அவர்களுக்கு நெடிய வாழ்நாள் எஞ்சியிருப்பதாலும், பெரியவர்களைவிட அவர்கள் எளிதில் பாதிக்கப்படுவர். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 10,000 தலை ஸ்கேன்கள் எடுத்தால், அடுத்த பத்தாண்டுகளில் ஓர் இரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் கூடக்கூடும் என இங்கிலாந்தில் 2012-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. சில பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தொடங்கியிருந்த கட்டியின் அறிகுறிகளுக்காகவே ஸ்கேன் எடுத்திருக்கலாமே என்று இதையும் சிலர் கேள்வி கேட்டனர். ஆனால், அடிபட்ட சிறுவன் மயங்கி விழுந்து வாந்தியும் எடுத்தால், மூளையில் இரத்தம் கசிகிறதா என்பதை அந்த மணி நேரத்திலேயே அறிந்தாக வேண்டும். பத்தாயிரத்தில் ஒன்று என்ற கணக்கு அங்கே பின்னுக்குப் போய்விடும். அதே சிறுவன் நெற்றியில் சிறு வீக்கத்தோடு சிரித்துக்கொண்டே வந்தால் மருத்துவர் ஸ்கேன் எடுக்காமல் சில மணி நேரம் கவனித்துப் பார்ப்பார். குடல்வால் அழற்சி என்று ஐயுறும்போதும், பிள்ளைகளுக்கு முதலில் கதிர்வீச்சு இல்லாத அல்ட்ராசவுண்ட் முறையையே மருத்துவர்கள் நாடுகின்றனர். அதில் தெளிவாகத் தெரியாவிட்டால்தான் சி.டி. ஸ்கேனுக்குப் போகின்றனர்.

உலக நாடுகள் பின்பற்றும் பரிந்துரைகளை வகுக்கும் அனைத்துலகக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம், 2007-இல் வெளியிட்ட தன் பரிந்துரைகளை 2021 முதல் மறுஆய்வு செய்து வருகிறது. குறைந்த அளவுகளுக்கும் நேர்கோட்டையே வைத்துக்கொள்வதா என்ற கேள்வி அந்த ஆய்வோடும் கூடவே செல்கிறது.